பதினொன்றாம் வட்டாரத்தின் மூக்கு

ஒரு நாட்டை மொத்தமாக எண்ண முடியாது. முழுப் பூசணிக்காயை யாரும் அப்படியே அடுப்பில் ஏற்றுவதில்லை. நறுக்கித்தான் ஆக வேண்டும். நறுக்குவதற்கென்றே புள்ளிவிவரத் துறையில் ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவில் மூன்றாம் மாடியில் ஜன்னலோரமாக ஒரு மேஜை, மேஜை முழுக்க வரைபடங்கள், வரைபடங்களுக்குப் பின்னால் ஒரு மனிதர். துறையில் எல்லோரும் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வட்டாரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது அவர் வேலை.

வட்டாரம் என்றால் மாவட்டம், மாகாணம் என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றுக்கெல்லாம் ஒரு தலைநகர், நாலு சிலை, மாலை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் என்று ஏதாவது இருக்கும். புள்ளிவிவர வட்டாரத்துக்கு ஒன்றுமே கிடையாது. அதில் குடியிருப்பவருக்கே தான் அதில் குடியிருப்பது தெரியாது. அட்டவணையில் மட்டும்தான் அது இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை கட்டில், பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வாத்தியார் என்று மேலே உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஆக, இல்லாத ஒன்று இருக்கிற எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது. குடும்பங்களிலும் இப்படித்தானே நடக்கிறது.

அதற்கு விதிகள் உண்டு. எட்டு லட்சம் பேருக்குக் குறைந்து ஒரு வட்டாரம் இருக்கக் கூடாது. இருந்தால் அதைக் கலைத்துப் பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்துவிட வேண்டும். கோடு எந்த வீட்டையும் குறுக்கே வெட்டக் கூடாது. ஆள் போதாமல் கோட்டை நகர்த்த வேண்டி வந்தால், போதாததற்கு மேல் ஓர் ஆளைக்கூட இழுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவும் நல்ல விதிகள்தான். விதிகள் எப்போதும் நல்லவைதான். ஆட்கள்தான் அவற்றுக்குத் தோதாகப் பிறப்பதில்லை.

பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பு முடிந்தபோது, பதினொன்றாம் வட்டாரத்தில் எட்டு லட்சத்துக்கு மூன்று பேர் குறைந்தார்கள். மூவாயிரம் குறைந்திருந்தால் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள், விதி என்று விட்டிருப்பார்கள். மூன்று பேர் என்றதும் யாருக்கும் விட மனசு வரவில்லை. ஓடு விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்த பதினொன்றாம் வட்டார அலுவலகத்தில் பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைமையாக இருந்த வட்டார அம்மா நேரில் வந்து, கோட்டுக்காரரின் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வட்டாரம் போனால் பதினாறு பேரும் திசைக்கு ஒருவராகத் தூக்கியடிக்கப்படுவார்கள் என்றார். கோட்டுக்காரருக்கு அதைவிட வேறொரு கவலை இருந்தது. கடலோரத்தில் மீன் எண்ணும் பிரிவுக்கு ஆள் தேவை என்று இயக்குநர் இரண்டு முறை அவர் பக்கமாகப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஒரு வட்டாரம் குறைந்தால் கோட்டு மேஜையில் ஓர் ஆளும் மிச்சம்தான். அவருக்கு மீன் வாடை ஆகாது.

அவர் வரைபடத்தை விரித்தார். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் போகும் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். கோட்டின் அந்தப் பக்கத்தில், சரியாக மூன்று பேர் குடியிருக்கும் ஒரு வீடு வேண்டும். விரல் ஒரு சந்தில் திரும்பி, ஒரு பூங்காவைச் சுற்றி, அவருடைய சொந்தத் தெருவுக்குள் நுழைந்து, அவருடைய சொந்த வீட்டின் எதிரில் நின்றது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று தோன்றியது.

மூன்று பேர் உள்ள வேறு வீடுகள் அந்த எல்லையில் இல்லாமல் இல்லை. ஆனால் ஊரார் வீட்டு மனிதர்களை அவர் நம்பவில்லை. சாவார்கள், பெற்றுக்கொள்வார்கள், சொல்லாமல் கொள்ளாமல் குடிமாறிப் போவார்கள். தன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்தார். நாள் முழுக்க மேலிருந்து வீடுகளைப் புள்ளியாகப் பார்த்துப் பழகிய ஒருவர்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

நேராகப் போன கோட்டை ஓர் இடத்தில் மட்டும் வளைத்து, தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, மறுபடி தெருவில் விட்டார். பார்ப்பதற்கு முகத்தில் முளைத்த மூக்கு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து துறையில் அதற்கு மூக்கு என்றே பெயர் வந்துவிட்டது.

இயக்குநர் கையெழுத்துப் போடும்போது ஒரு விதியை நினைவுபடுத்தினார். புதிதாக இழுத்துச் சேர்த்த வீட்டை ஒரு வருடம் கழித்து ஆள் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். மற்றவர்களை அடுத்த கணக்கெடுப்பு வரை யாரும் எண்ணப் போவதில்லை. ஆக, துறையின் கண்ணில் பதினொன்றாம் வட்டாரத்து ஜனங்கள் பத்து வருடத்துக்குப் பிறக்கவும் மாட்டார்கள், சாகவும் மாட்டார்கள்; போட்டது போட்டபடி இருப்பார்கள். இரத்தமும் சதையுமாக நடமாடுகிறவர்கள் மூக்குக்குள் இருந்த மூன்று பேர்தான்.

அந்த மூவரில் முதலாவது கோட்டுக்காரர். இரண்டாவது அவர் மனைவி. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. தூரத்துப் பலகையில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று குறித்துக்கொள்வார். தெரியாத எழுத்தைத் தெரிவதாக அடித்துவிடும் ஆட்களை நாள் முழுக்கப் பார்த்ததில், பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டில் அந்தத் திறமையை அவர் காட்டிக்கொண்டதில்லை. காட்டினால் குடித்தனம் நடத்த முடியாது.

மூன்றாவது ஆள் மனைவியின் தம்பி. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் மாமா என்று ஒரு தோள்பையோடு வந்தவன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவன் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. கூடத்துச் சோபாவில் அவன் உடம்பின் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. நண்பகலுக்கு எழுந்து, சாப்பிட்டு, எழுந்த களைப்பு தீர மறுபடி படுப்பான். கெட்டவன் என்று ஒரு சொல் சொல்ல முடியாது. யார் எது சொன்னாலும் சரி என்பான், சொன்னதைச் செய்வதற்குள் தூங்கிவிடுவான். அக்காவுக்கோ அவன் வெறும் தம்பி இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஏழு வயது. கையைப் பிடித்து வளர்த்தது அவர்தான். தனக்கென்று பிள்ளை பிறக்காத வீட்டில், சோபாவில் யாராவது படுத்திருப்பது அவருக்குப் பாரமாகவே தெரியவில்லை.

கோட்டுக்காரருக்குத் தெரிந்தது. எட்டு வருடமாக ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார். செய்தித்தாளில் வேலை விளம்பரங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அவன் தலைமாட்டில் வைத்தார். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சோபாவைத் தூக்கி வராந்தாவில் போட்டார். வராந்தாவில் காற்று ஜிலுஜிலு என்று வருகிறது என்றான் மச்சான்.

கோட்டை வளைத்த அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது, மச்சான் சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்திருந்ததே அவருக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. பக்கத்தில் மனைவி, அழுத கண்ணும் சிரித்த வாயுமாக. விஷயம் இதுதான். கோட்டுக்காரர் எல்லைகளைப் பார்வையிட வெளியூர் போயிருந்த வாரத்தில், மச்சான் அரை நாள் பயண தூரத்தில் இருக்கும் ஒரு மெத்தைத் தொழிற்சாலைக்கு நேர்காணலுக்குப் போய் வந்திருந்தான். வரிசையாகப் போட்ட மெத்தைகளில் படுத்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுந்துவிட்டார்கள். இவன் மட்டும் ஒரு மெத்தையில் இடுப்புக்கு இடது பக்கம் ஒரு சுருள்வில் சோம்பலாக இருக்கிறது என்றான். பிரித்துப் பார்த்தால் நிஜம். எட்டு வருட அனுபவம் என்றால் சும்மாவா. தரம் பார்க்கும் வேலையை அங்கேயே கொடுத்துவிட்டார்கள். அது மட்டுமில்லை. அங்கே மேற்பார்வை பார்க்கும் பெண்ணுக்கு இவனைப் பிடித்துவிட்டது, இவனுக்கும் பிடித்துவிட்டது, தினமும் போனில் பேசுகிறார்கள், அடுத்த வாரம் அவளுடைய அப்பா வீடு பார்க்க வருகிறார்.

எட்டு வருடமாக எந்தச் செய்திக்காகக் காத்திருந்தாரோ அந்தச் செய்தியைக் கேட்டு, கோட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சந்தோஷத்தில் தலைசுற்றுகிறது என்று நினைத்து மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலில் நல்ல வழியில்தான் முயன்றார். மச்சானுக்கு வேளாவேளைக்கு அவரே தட்டு வைத்தார். சம்பள வேலை உடம்புக்கு ஆகாது, தனக்கே முதுகு போய்விட்டது என்று புலம்பினார். கல்யாணம் செய்துகொண்டு பெண்ணையும் இங்கேயே கூட்டி வந்துவிடேன் என்று யோசனை சொன்னார். அவளுக்கு அங்கே வேலை, அப்பாவைத் தனியே விட முடியாது, போனதும் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான் என்று மச்சான் பொறுமையாக விளக்கினான். மாமாவுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அவனுக்குக் கண் கலங்கியது.

பெண்ணின் அப்பா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடியைக் காட்டிக் காட்டியே ஆயுளைக் கழித்தவர்; நேரத்துக்குக் கிளம்பாத எதன் மேலும் அவருக்கு மரியாதை கிடையாது. காப்பி குடித்து முடித்ததும், பையனைப் பற்றி நாலு வார்த்தை தனியாகக் கேட்க வேண்டும் என்று கோட்டுக்காரரோடு வாசலுக்கு வந்தார். கோட்டுக்காரர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதில் பிற்பாடு அவருக்குப் பெருமைகூட இருந்தது. பையன் தங்கமானவன் என்றார். ஒரு வம்புதும்பு கிடையாது என்றார்.

"ரெண்டு நாள்னு சொல்லிட்டு வந்தான். எட்டு வருஷம் ஆச்சு. ஒரு இடத்துல உட்கார்ந்துட்டா அவன் கிளம்பறதே இல்லைங்க. உங்க வீட்லதான் தங்கப் போறான்னு கேள்விப்பட்டேன்."

கார்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கிளம்பினார். இரண்டு நாளில் சம்பந்தம் வேண்டாம் என்று செய்தி வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று மச்சான் வேலையும் வேண்டாம் என்று எழுதிவிட்டான்.

மூக்கு நிலைத்தது. கோட்டுக்காரர் நடந்ததைச் சொன்னதும், பதினொன்றாம் வட்டார அலுவலகத்தில் அன்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பதினாறு பேரும் மச்சானைத் தாங்கிய தாங்கலை, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் தாங்க மாட்டார்கள். காலையில் அலுவலகம் திறந்ததும் ஒருவர் போன் செய்து மச்சான் சாப்பிட்டாரா என்று கேட்பார். ஒருவர் சீட்டாட வருவார். ஒருவருடைய மைத்துனி நர்ஸ். அவளை அனுப்பி இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்கள். வட்டார அம்மா வாரம் தவறாமல் பழத்தோடு வருவார். வேலை விளம்பரம் வரும் பக்கத்தை முன்கூட்டியே உருவிவிட்டுச் செய்தித்தாளைக் கொடுக்க ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். இதெல்லாம் மாமாவின் செல்வாக்கு என்று மச்சான் நினைத்துக்கொண்டான்.

துறைக்கும் ஒரு சௌகரியம் கிடைத்தது. காலாண்டு அறிக்கைக்குப் புதுத் தகவல் வேண்டும். பதினொன்றில் புதிதாகத் தெரிந்த வீடு மூக்கு ஒன்றுதான். எனவே மூக்கின் தகவலையே எட்டு லட்சத்துக்கும் பெருக்கினார்கள். பதினொன்றாம் வட்டாரத்தில் மூன்றில் ஒருவர் நண்பகலில் எழுகிறார் என்று அறிக்கை வந்தது. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தைப் பன்னிரண்டரைக்குத் தள்ளி வைத்தார்கள். மூன்றில் ஒருவர் சோபாவில் படுப்பதால் முதுகுவலி மருத்துவர்கள் கூட்டமாக வந்து இறங்கி, நோயாளி இல்லாமல் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றில் ஒருவர் மூக்குக்கண்ணாடித் தொழிலில் இருப்பது தேசத்துக்கே பெருமை என்று ஓர் அமைச்சர் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. அட்டவணையில் வந்துவிட்ட விஷயத்துக்கு எப்படிச் சிரிப்பது.

ஆனால் மச்சான் படுப்பதை விட்டுவிட்டான். சோபா ஓரத்தில் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போன் அடித்தால் தலையைத் தூக்குவான், பிறகு தொங்கப்போடுவான். கோட்டுக்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு வருடம்தானே, சரிபார்ப்பு முடிந்ததும் வேறு இடம் பார்த்து ஜாம்ஜாம் என்று முடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு இடம் என்றால் என்ன, வேறு பெண் என்றால் என்ன என்பதை அவர் யோசிக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஓர் ஆள் சரி என்று நினைக்கப் பழகியவர் அவர்.

வருடம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போது, வட்டார அம்மா பழக்கூடையோடு கண்ணாடிக் கடைக்கே போய்விட்டார். நல்ல மனுஷி. நன்றி சொல்லாமல் இருக்க அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் மட்டும் அன்னைக்கு அந்தக் கார்டுகிட்ட சமயம் பார்த்துப் பேசலைன்னா, எங்க பதினாறு குடும்பமும் தெருவுலதான்மா."

மனைவி பழக்கூடையை வாங்கி மேஜைமேல் வைத்தார். கடை மூடும் வரைக்கும் வேலை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மச்சான் குளிக்கப் போகும் வரை காத்திருந்து, கணவரின் எதிரில் உட்கார்ந்து, அந்த ஆளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

"உண்மையத்தான் சொன்னேன்."

"உண்மையத்தான் சொன்னீங்க. எதுக்காகச் சொன்னீங்க?"

கோட்டுக்காரர் பையைத் திறந்து வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். விதிகளைச் சொன்னார். எட்டு லட்சத்தைச் சொன்னார். பதினாறு குடும்பங்களைச் சொன்னார். மீன் பிரிவைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். கடைசியில் மூக்கின் மேல் விரலை வைத்து, இதோ பார், நாம் இங்கே இருக்கிறோம் என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஆசைகூட இருந்தது. அவர் போட்ட கோடுகளிலேயே அழகானது அதுதான்.

மனைவி குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதுல என் தம்பி எங்க இருக்கான்?"

அந்தப் புள்ளிக்குள் என்றார் அவர். மனைவி வரைபடத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போனார். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று கோட்டுக்காரர் மூச்சுவிட்டார். கத்தாத கோபம் கணக்கில் வராது என்பது அவர் நினைப்பு.

அடுத்த வாரம் மனைவி கடை வேலையாக என்று சொல்லிவிட்டு எங்கோ வெளியூர் போய் வந்தார். கணவர் கேட்கவில்லை. மனைவி போனது அந்த மெத்தைத் தொழிற்சாலைக்குத்தான். அந்தப் பெண்ணைப் பார்த்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் சிரித்தாளாம். எட்டு வருடச் சோபா கதையை அவன் முதல் நாளே தன்னிடம் சொல்லிவிட்டான், அதனால்தான் வேலையே கொடுத்தேன் என்றாளாம். அவன் வீட்டு ஆளே அப்படிச் சொன்னார் என்பதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லையாம். கார்டு முரண்டு பிடித்தார். அக்கா அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, சரி என்று சொல்லும் வரை கிளம்ப மாட்டேன் என்றார். கிளம்பாத வம்சம்தான் போலிருக்கிறது என்று கார்டு கையைத் தூக்கிவிட்டார். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

சரிபார்ப்புக்கு முந்தின நாள் கோட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து வந்தபோது, மச்சான் அந்தப் பழைய தோள்பையோடு வாசலில் நின்றான். முகம் தெளிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கோட்டுக்காரர் வழியை மறித்தார். நாளை ஒரே ஒரு நாள் மட்டும் இரு, மத்தியானம் போய்விடு, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றார். மச்சானுக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனாலும் மாமா கேட்கிறாரே என்று பையைக் கீழே வைத்துவிட்டுச் சோபாவைப் பார்த்தான். அவ்வளவு நல்லவன். அக்கா வந்து பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற மாதிரி பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் வட்டார அம்மா ஓர் எழுத்தரோடு வந்து கதவைத் தட்டினார். உடல்வாகில் அந்த எழுத்தர் மச்சானை ஒத்திருந்தார். போர்வையால் தலைவரை மூடி அவரைச் சோபாவில் படுக்க வைத்தார்கள். பள்ளம் அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை, நெளிந்துகொண்டிருந்தார். மீதிப் பதினைந்து பேரும் எதிர்சாரியில் பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றார்கள். அங்கே பஸ் நிற்பதில்லை. மனைவி உள்ளறையில் ஏதோ எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

சரிபார்ப்பவர் ஒல்லியாக, களைத்துப்போனவராக இருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இந்த வீட்டில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். சோபாவை ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்று பேர்தானே என்று அவரே எழுதப் போனார். கோட்டுக்காரர் வாயைத் திறக்கும்போது உள்ளறைக் கதவு திறந்தது. மனைவி வெளியே வந்தார். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. கல்யாணத்துக்குக் கட்டும் புடவைக்கு இவ்வளவு பெரிய பெட்டி தேவையில்லை.

சரிபார்ப்பவர் விதி தெரிந்தவர். வெளியூர் போகிறவர் ஆறு மாதத்துக்குள் திரும்புவார் என்றால் அவரை வீட்டில் இருப்பதாகவே எழுத வேண்டும். அதனால் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஆறு மாசத்துக்குள்ள திரும்பி வந்துடுவீங்கதானே?"

மனைவி கணவரைப் பார்த்தார். எழுத்துப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வர்ற மாதிரி இல்லைங்க. எழுதிக்குங்க."

பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஒரு வருடமாகக் கோட்டுக்காரர் மூன்றாவது ஆளுக்குக் காவல் இருந்தார். அவன் சாப்பிட்டானா, தூங்கினானா, யாரோடு பேசினான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டாவது ஆள் போகக்கூடும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. தோன்றியதும் கூடம், சோபா, மேஜை, சுவர் எல்லாம் அவருக்கு வேறு யாருடைய வீடோ போல இருந்தது.

"அப்ப ரெண்டு பேர்னு வச்சுக்கலாமா சார்?"

கோட்டுக்காரர் சோபாவுக்குப் போய்ப் போர்வையை உருவினார். எழுத்தர் எழுந்து வணக்கம் சொன்னார். வட்டார அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"இவர் இந்த வீட்டு ஆள் இல்லைங்க."

"அப்ப நீங்க ஒருத்தர்தானா?"

"நானும் இல்ல."

"நிக்கறீங்களே சார்."

"போறவங்ககிட்ட ஆறு மாசத்துக்குள்ள வருவீங்களான்னு கேக்கணும்ல. என்கிட்டயும் கேளுங்க."

சரிபார்ப்பவர் கடமை தவறாதவர், கேட்டார்.

"அவங்க வந்தா வருவேன்," என்றார் கோட்டுக்காரர்.

இந்தப் பதிலுக்குக் கட்டம் உண்டா என்று சரிபார்ப்பவர் தாளைப் புரட்டத் தொடங்கினார். கோட்டுக்காரர் சட்டையை மாட்டினார், பொத்தான் மாற்றிப் போட்டார், வட்டார அம்மாவைப் பார்த்து மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கை கூப்பினார். அந்த அம்மா அழுதுகொண்டே, போங்க சார், முதல்ல போங்க என்றார். எதிர்சாரியில் நின்ற பதினைந்து பேரும் வழிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், பஸ் ஸ்டாண்ட் பக்கமாகப் போனார்கள் என்று கைகாட்டினார்.

அவர் ஓடிப்போய்ச் சேரும்போது பஸ் நகரத் தொடங்கியிருந்தது. பின்படியைப் பிடித்து ஏறினார். நெரிசல். தலைகளுக்கு நடுவில், முன்னால் ஜன்னலோரம் மனைவி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பெட்டியை மடியில் வைத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டுக்காரருக்குக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்றார். அந்தத் தொழிற்சாலை எந்த ஊர், எந்த வட்டாரம் என்று அவருக்கு எப்போதோ தெரியும். இப்போது ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை.

"முன்னாடி பெட்டியோட உட்கார்ந்திருக்காங்களே, அவங்க எங்க இறங்குறாங்களோ அங்க ஒண்ணு குடுங்க."

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். காலில் செருப்பு இல்லாததையும் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், அந்த அம்மாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். மனைவி திரும்பினார். மாறிப்போன பொத்தான்களைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார், மூஞ்சியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண்டக்டரிடம் என்னவோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

கண்டக்டர் திரும்பி வந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். எந்த ஊருக்கு என்று கோட்டுக்காரர் பார்க்கவில்லை.